எத்தனை நாள் என்று கேட்காத ஊர்

உளுந்தூர்பேட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நான் செய்த முதல் காரியம் சாமான்களை எண்ணிப் பார்த்தது. ஏழு. தோள்பையும் தண்ணீர்க் கூஜாவும் என்னுடையவை. மற்ற ஐந்தும் டோனா லூர்திஸ் அம்மாளுடையவை. அவற்றில் இரண்டு பெட்டிகள் செங்கல் அடுக்கியது போலக் கனத்தன. தம்பியைப் பார்த்துவிட்டுப் போக வருகிற ஒருவருக்கு இத்தனை சாமான் எதற்கு என்று பஞ்சிமில் கிளம்பியதிலிருந்து யோசித்துக்கொண்டே வந்தேன். வாய்விட்டுக் கேட்கவில்லை.

நான் கும்பகோணத்துக்காரன். கோவா இந்தியாவோடு சேர்ந்த மறு வருஷமே தபால் இலாகா என்னைப் பஞ்சிமுக்கு மாற்றியது. ஓய்வு பெற்றும் அங்கேயே இருக்கிறேன். போர்த்துகீசு மொழி எனக்கு வீட்டுக்காரம்மாளிடம் வாடகைக்கு மேல் கிடைத்த லாபம். அந்த அம்மாள்தான் ஒருநாள் காலை, ரொட்டிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டு போகிற நேரத்தில், என் கதவைத் தட்டினாள். போர்த்துகலிலிருந்து தன் பழைய சிநேகிதி வந்திருக்கிறாள், அவளுடைய தம்பி தமிழ்நாட்டில் ஒரு மலையில் இருக்கிறான், மொழி தெரிந்தவர் நீங்கள்தான், அழைத்துப் போய் விட்டுவிட்டு வாருங்கள் என்றாள். இப்படித்தான் அறுபத்தேழு வயதில், சொந்த மாநிலத்தில் நான் காலே வைத்திராத ஒரு மூலைக்கு, ஒரு வெளிநாட்டு அம்மாளின் பெட்டிகளை எண்ணிக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

டோனா லூர்திஸுக்கு வயது அறுபத்து நான்கு. கல்யாணம் ஆகவில்லை. தன் ஊரில் துணிக்கடை வைத்திருந்தவர். தம்பி ஆல்வரோ பஞ்சிம் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தவர். போர்த்துகீசியர்கள் கப்பலேறியபோது அவர் ஏறவில்லை. தெற்கே வந்தார், மலைக்குப் போனார், அங்கேயே நின்றுவிட்டார். வருஷத்துக்கு ஒரு கடிதம் போடுவார். இருபத்தாறு வருஷமாக அக்கா தம்பி முகத்தைப் பார்க்கவில்லை.

உளுந்தூர்பேட்டை லாரிகளின் ஊர். சென்னைக்கும் திருச்சிக்கும் போகிற அத்தனை வண்டிகளும் அங்கே நின்று மூச்சு வாங்குகின்றன. டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்ததும் கடைக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னாங்க பெரியவரே, வெள்ளக்காரம்மாவ எங்க இட்டுக்கினு போறீங்க?"

"கல்வராயன் மலைக்கு."

"எப்ப எறங்குவீங்க?"

"தெரியாது."

"தெரியாதுன்னா? வியாழக்கெழமைலேந்து ஒரு வாரம் ஒரு வண்டி ஓடாது. மரத்த வெட்டி ரோட்டுல போடப் போறாங்க. பொதன்கெழமைக்குள்ள எறங்குனாத்தான் உண்டு."

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த வாலிபர் ஒருவர் திருத்தினார். "போடப் போறாங்க இல்ல, போடப் போறோம்."

இட ஒதுக்கீடு கேட்டு அந்தப் பக்கமே கொதித்துக்கொண்டிருந்த வருஷம் அது. பஞ்சிமில் செய்தித்தாளில் இரண்டு வரி படித்திருந்தேன். இங்கே வந்தால் சுவரெல்லாம் அதுதான்.

"என் தம்பி பன்னெண்டாவது பாசு. மாடு மேச்சிக்கினு இருக்கான்," என்றார் அந்த வாலிபர். "எங்களுக்குன்னு ஒரு பங்கக் குடுத்தா நாங்க ஏன் ரோட்டுக்கு வரோம்? நீங்க பயப்படாதீங்க பெரியவரே. வயசானவங்கள ஒண்ணும் பண்ண மாட்டோம். பஸ்ஸதான் வுட மாட்டோம்."

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. புதன்கிழமைக்கு விரல் விட்டு எண்ணினேன். எனக்கு இரத்த அழுத்த மாத்திரை எட்டு நாளைக்குத்தான் கையில் இருந்தது. டோனா லூர்திஸ் எத்தனை நாள் தங்கப்போகிறார் என்று தெரிந்தால் எல்லாவற்றையும் திட்டமிட்டுவிடலாம். ஆனால் அதைக் கேட்கத்தான் எனக்கு நாக்கு எழவில்லை.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். போர்த்துகீசியர்களிடம் ஒரு கேள்வி உண்டு. "குவாந்து தெம்பு வாய் ஃபிகார்?" எவ்வளவு காலம் இருப்பீர்கள் என்று அர்த்தம். வந்தவரை உட்கார வைத்துக் கையில் ஒரு கோப்பையைக் கொடுத்ததும் கேட்பார்கள். நான் பஞ்சிமில் பெட்டியோடு போய் இறங்கிய முதல் நாள் வீட்டுக்காரம்மாள் என்னை அதைத்தான் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. கால் வைத்து ஒரு மணி நேரம் ஆகவில்லை, எப்போது கிளம்புவாய் என்கிறாளே என்று பெட்டியைத் திறக்காமலே இரண்டு நாள் வைத்திருந்தேன். பிறகுதான் தெரிந்தது, அவர்களிடம் அது அன்பு. எத்தனை நாள் என்று தெரிந்தால்தானே எந்த நாளில் என்ன சமைப்பது, யார் யாரைப் பார்க்கக் கூட்டிப் போவது என்று முடிவு செய்யலாம்? கேட்காமல் இருந்தால்தான் அங்கே அவமரியாதை. நம் வீடுகளிலோ அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டால் வந்தவர் அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடுவார். இத்தனை வருஷம் பஞ்சிமில் இருந்தும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் பழகினேனே தவிர, கேட்கப் பழகவில்லை.

இரவு கள்ளக்குறிச்சியில் தங்கினோம். லாட்ஜுக்குப் பக்கத்து மெஸ்ஸில் இலை போட்டார்கள். டோனா லூர்திஸ் ஸ்பூன் கேட்டார். பரிமாறுகிறவர் உள்ளே போய்த் தேடிவிட்டு வந்து, "ஸ்பூன் இல்லீங்க, ரசக் கரண்டிதான் கீது, குடுக்கட்டுமா?" என்றார். அந்த அம்மாள் சாம்பார் சாதத்தை ரசக் கரண்டியால் சாப்பிட்டு முடித்தார். மெஸ்ஸே வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. "என்னைப் பார்ப்பதற்கு இவர்களிடம் காசு வாங்கியிருக்கலாம்," என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். கோவாவில் இந்நேரம் மீன் குழம்பின் வாசனை தெருவையே தூக்கும். இங்கே காயும் கடலை எண்ணெயின் வாசனை. குறை சொல்லவில்லை. ரசம் நன்றாக இருந்தது, இரண்டு முறை வாங்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை வெள்ளிமலை பஸ். கச்சிராயபாளையத்தில் கூட்டம் ஏறியது. இரண்டு ஆட்டுக்குட்டிகள், உர மூட்டை மூன்று, ஒரு தையல் மெஷின். அங்கேயும் சாவடியில் ஆட்கள் மறியலுக்குக் கொடித்துணி தைத்துக்கொண்டிருந்தார்கள். மலை தொடங்கி நாலாவது வளைவில் பஸ் முனகி நின்றது. முன்னால் வெள்ளைப் புகை.

"அல்லாரும் எறங்குங்க! ஏத்தத்துல வண்டி ஒங்களத் தூக்காது. நடங்க, மேல வந்து ஏத்திக்கறோம்," என்று கண்டக்டர் சத்தம் போட்டார்.

எல்லோரும் பழகியவர்கள் போல இறங்கினார்கள். ஒருவர் சக்கரத்துக்குக் கல் வைத்தார். டோனா லூர்திஸ் தானும் ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு போய் மறு சக்கரத்துக்கு வைத்தார். "இந்தம்மா நம்ம பஸ்ஸுல வழக்கமா வரவங்க மாதிரி இல்ல இருக்காங்க!" என்றார் டிரைவர்.

காட்டுக்கு நடுவே நிழலில் நடந்தோம். அந்த அம்மாளே பேச்சை ஆரம்பித்தார்.

"ஆல்வரோ முதலில் என்னைக் கட்டிக்கொள்வான். பிறகு, எவ்வளவு காலம் இருப்பாய் என்று கேட்பான். அதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன்."

என்ன பதில் என்று கேட்க நினைத்தேன். மறுபடியும் என் நாக்கு எழவில்லை. மேலேயிருந்து ஹாரன் அடித்தார்கள்.

வெள்ளிமலையில் இறங்கி விசாரித்தால் ஆல்வரோ என்று ஒருவரையும் யாருக்கும் தெரியவில்லை. வெள்ளைக்காரர், மருந்து கொடுப்பவர் என்றதும், "அட, நம்ம ஆழ்வாரு! அந்தாண்ட குன்னுக்குப் பின்னால அவரு வூடு," என்றார்கள். பெட்டிகளைத் தூக்க இரண்டு பேர் தாங்களாகவே வந்தார்கள். ஒற்றையடிப் பாதையில் முக்கால் மணி நேர நடை. இரண்டு பக்கமும் சாமை வயல், நடுநடுவே பலா மரங்கள். என் முழங்கால் வலியைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

ஆல்வரோ வாசலில் மரவள்ளிக் கிழங்கை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தார். நாலு முழ வேட்டி, வெள்ளைத் தாடி, வெயிலில் வெந்த முதுகு. அக்காவைப் பார்த்ததும் எழுந்தார். கட்டிக்கொள்ளவில்லை. கை இரண்டையும் வேட்டியில் துடைத்துக்கொண்டு அப்படியே நின்றார். கண் மட்டும் கலங்கியிருந்தது.

"வந்துவிட்டாயா?" என்றார் போர்த்துகீசு மொழியில். பிறகு வார்த்தைகளைத் தேடி, "சாப்பிட்டாயா?" என்றார்.

அக்கா அவரைக் கட்டிக்கொண்டார். அவர் அணைப்புக்குள் மரம் மாதிரி நின்றார். பிறகு திரும்பி, பக்கத்துக் குடிசையைப் பார்த்து, "பொன்னம்மா! அக்கா வந்துருக்குது!" என்று கூவிக்கொண்டே ஓடினார்.

பொன்னம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். அவளுடைய புருஷனின் காலில் வந்த புண்ணை ஆற்றியதற்காக அந்தக் குடும்பம் ஆல்வரோவுக்குத் தங்கள் நிலத்தில் வீடு கட்டிக்கொள்ள இடம் விட்டிருந்தது. இரண்டு வீட்டுக்கும் ஒரே அடுப்பு. அன்றைக்குச் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டாள். மலைத்தேனை ஒரு கொட்டாங்கச்சியில் தந்தாள். சாமைச் சோறு நம் அரிசி போலக் குழையாது, மணி மணியாக நிற்கும். டோனா லூர்திஸுக்குப் பிடித்துப்போயிற்று. தேனை விட்டுப் பிசைந்து சாப்பிட்டார். பொன்னம்மா முகத்தைச் சுளித்துவிட்டு, "துன்னட்டும், துன்னட்டும்," என்றாள்.

அன்று முழுக்கத் தம்பி அக்காவுக்கு மாட்டைக் காட்டினார், எலுமிச்சை மரங்களைக் காட்டினார், சுனையைக் காட்டினார். போர்த்துகீசு பேசும்போது நடுவில் "அப்புறம்", "இல்ல" என்று தமிழ் வந்து விழுந்தது. எவ்வளவு காலம் இருப்பாய் என்று மட்டும் கேட்கவில்லை. அந்த அம்மாள் ஒவ்வொரு முறை பேச்சு ஓயும்போதும் நிமிர்ந்து உட்கார்ந்து தம்பி முகத்தைப் பார்ப்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார்.

செவ்வாய்க்கிழமை உலக்கைச் சத்தத்தில்தான் கண் விழித்தேன். வாசலுக்குப் பக்கத்தில் பாறையிலேயே குழி வெட்டி உரலாக்கியிருந்தார்கள். பொன்னம்மாவும் அண்டை வீடுகளிலிருந்து வந்த மூன்று பெண்களும் சாமை குத்திக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் குத்த, இரண்டு பேர் புடைக்க, பிறகு மாறிக்கொள்ள என்று நாள் முழுக்க நடந்தது. பண்டிகை ஏதோ வருகிறது போலும் என்று நினைத்தேன். எனக்கு வேறு வேலை இல்லாததால் பானையில் விழுவதை எண்ணினேன். சாயங்காலத்துக்குள் இருபத்து நாலு படி அரிசி சேர்ந்திருந்தது. உமி போகப் பாதிதான் தேறும் என்பதால் அவர்கள் குத்தியது அதைப்போல இரண்டு மடங்கு.

டோனா லூர்திஸ் என்னைப் பலா மரத்தடிக்குக் கூப்பிட்டார்.

"சென்யோர் நாதன், நாளைக்குக் கடைசி பஸ் என்றீர்களே, எத்தனை மணிக்கு?"

"பன்னிரண்டு மணிக்கு. நாம் போகிறோமா?"

"போகிறோம்." கைக்குட்டையைச் சிறிது சிறிதாக மடித்தார். "நான் கடையை மூடிவிட்டேன். வீட்டை விற்றுவிட்டேன். அந்த இரண்டு பெட்டியில் இருப்பதுதான் மிச்சம். அவன் கேட்டிருந்தால், உனக்குச் சம்மதமானால் கடைசி வரைக்கும் என்று சொல்லியிருப்பேன். அவன் கேட்கவே இல்லை. இரண்டு நாளாக ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் இருப்பதும் போவதும் அவனுக்கு ஒன்றுதான்."

எனக்குப் பதறிவிட்டது. எங்கள் பக்கத்தில் விருந்தாளியை அப்படிக் கேட்பது தப்பு, போகச் சொல்வதற்குச் சமம் என்று எடுத்துச் சொன்னேன். பஞ்சிமில் இரண்டு நாள் பெட்டியைத் திறக்காமல் இருந்த கதையையும் சொன்னேன்.

"நீங்கள் இந்த நாட்டுக்காரர். அவன் என் தம்பி," என்றார். "எங்கள் வீட்டில் அம்மா யார் வந்தாலும் கேட்பாள். அவன் அதைக் கேட்டு வளர்ந்தவன். வீட்டை விற்றதை அவனிடம் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் இரக்கப்பட்டு இருக்கச் சொல்வான். எனக்கு அது வேண்டாம்."

"அப்புறம் எங்கே போவீர்கள்?"

"கன்யாஸ்திரீகள் நடத்தும் முதியோர் விடுதி ஒன்று இருக்கிறது. சுத்தமான இடம்தான்."

வாக்குக் கொடுத்தேன். வேறென்ன செய்ய?

பொழுது சாயும்போது ஆல்வரோவோடு எலுமிச்சை மரங்களுக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன். சுற்றி வளைத்து ஆரம்பித்தேன். அக்கா எத்தனை நாள் இருப்பார் என்று நீங்கள் கேட்கவில்லையே, உங்கள் ஊரில் கேட்பது வழக்கம்தானே என்றேன்.

அவர் குடத்தைக் கீழே வைத்தார். தமிழில்தான் பேசினார்.

"வந்தவங்கள அப்டிக் கேக்கலாமாங்க? போவச் சொல்ற மாதிரி இல்ல?"

"அவர் அப்படி நினைக்க மாட்டார்."

"அது தெரியுங்க." மரத்தடி மண்ணைக் காலால் ஒதுக்கினார். "கேட்டா, அவ ஒரு கணக்குச் சொல்லிடுவா. பத்து நாளு, பாஞ்சி நாளுன்னு. அப்புறம் அந்தக் கணக்கு ஓடிக்கினே இருக்கும். கேக்கலன்னா எனக்குக் கணக்கே இல்ல பாருங்க."

"இருக்கச் சொல்லிவிடுங்களேன்."

"இந்த ஓலை வூட்டுலயா? கடை வெச்சி, கட்டில்ல படுத்தவ. நானு எப்டிச் சொல்றது? நீங்களும் இத அவகிட்டச் சொல்லாதீங்க. சொன்னா எனக்காவ இருந்துடுவா. அவளுக்குப் புடிச்சி இருக்கணும்ங்க."

அவருக்கும் வாக்குக் கொடுத்தேன். அன்று படுத்தபோது என்னிடம் இரண்டு வாக்குகள் இருந்தன, இரண்டும் ஒரே விஷயத்தைப் பற்றி, ஒன்றை உடைத்தால் போதும், மற்றதை உடைக்கத் தேவையில்லை. எதை உடைப்பது என்று யோசித்தே மாத்திரை போட மறந்துவிட்டேன்.

புதன்கிழமை. காலைக் காப்பியின்போது அக்கா, "இன்று போகிறேன்," என்றார். தம்பி, "சரி," என்றார். அவ்வளவுதான். எழுந்து போய்க் கயிறு கொண்டுவந்து, இரண்டு பெட்டிகளையும் வழியில் திறந்துகொள்ளாதபடி இறுக்கிக் கட்டினார். அவர் போட்ட முடிச்சுகளைப் பார்த்துக்கொண்டே அந்த அம்மாள் காலணியை மாட்டினார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பத்தேமுக்கால். முக்கால் மணி நடைக்குச் சரியாக இருக்கும், என் முழங்காலுக்கு ஒரு கால் மணி கூட்டினாலும்.

அப்போது பொன்னம்மா முறத்தோடு வந்தாள். வாசலில் இருந்த பெட்டிகளைப் பார்த்து நின்றாள்.

"இன்னாது இது? பொட்டி எங்க போவுது?"

"அக்கா ஊருக்குப் போவுது," என்றார் ஆல்வரோ.

"எந்த ஊருக்கு?"

"அவுங்க ஊருக்கு."

முறத்தைக் கீழே போட்டாள். "அப்ப நேத்திக்கு முச்சூடும் நாலு பொம்பளைங்க எதுக்குக் குத்துனோம்? நீதான ஆழ்வாரண்ணே சொன்ன? அக்கா வந்துருக்குது, பெரிய பானைய எடு, நெறையக் குத்துன்னு? நம்ம ஊட்டுக்கு வாராவாரம் ரெண்டு மூணு படிதான குத்துவோம்? தோலோட கெடந்தா வருசக் கணக்காக் கெடக்கும், குத்திப்புட்டா ரெண்டு மாசத்துல பூச்சி உழுமே! குத்துனத மறுபடியும் சாமையாக்குவியா நீ? யாரு துன்றது இத்தினியும்?"

ஆல்வரோ கயிற்றின் நுனியைத் திருகிக்கொண்டிருந்தார்.

அவள் டோனா லூர்திஸ் பக்கம் திரும்பினாள். "ஏங்க்கா, நீயாவது வாயத் தொறந்து சொல்ல வேணாமா? ரெண்டு நாளுதான்னா ரெண்டு படி குத்திட்டு சும்மா இருந்திருப்பேன் இல்ல? கையப் பாரு!" என்று காய்த்துச் சிவந்த உள்ளங்கைகளை அந்த அம்மாளின் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"என்ன சொல்கிறாள்? எதற்குக் கோபம்?" என்று டோனா லூர்திஸ் என்னைக் கேட்டார்.

ஆல்வரோ என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று பார்த்தாரா, சொல் என்று பார்த்தாரா, தெரியாது. அக்கா சொன்னதைத் தம்பியிடம் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தேன். தம்பி சொன்னதை அக்காவிடம் சொல்வதில்லை என்றும் கொடுத்திருந்தேன். பொன்னம்மா சொன்னதை மொழிபெயர்க்கக் கூடாது என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை.

ஒன்று விடாமல் மொழிபெயர்த்தேன். பூச்சியைக்கூட விடவில்லை. இந்த ஊரில் வந்தவரை எத்தனை நாள் என்று கேட்க மாட்டார்கள், எத்தனை நாள் இருக்க வேண்டும் என்று நினைக்கிறார்களோ அத்தனை நாளைக்குக் குத்தி வைப்பார்கள் போலிருக்கிறது என்று என் சார்பில் ஒரு வரி சேர்த்துக்கொண்டேன்.

அந்த அம்மாள் பானையின் பக்கம் போய் மூடியைத் திறந்து பார்த்தார்.

"எவ்வளவு இருக்கும்?"

"இருபத்து நாலு படி."

"எத்தனை நாளைக்கு?"

"இரண்டு பேருக்கு, நாளைக்கு அரைப் படி என்றால், நாற்பத்தெட்டு நாள். தேன் விட்டுக்கொண்டு நீங்கள் சாப்பிடுகிற வேகத்துக்கு நாற்பது."

"எப்போது அவளிடம் சொன்னான்?"

பொன்னம்மாவைக் கேட்டேன். "இந்தக்கா வந்த அன்னிக்கேதான். இன்னும் காலுகூடக் கழுவல இது. இந்தாளு ஓடியாந்து சொல்லுது," என்றாள். அதையும் சொன்னேன்.

டோனா லூர்திஸ் மூடியைப் போட்டார். தம்பிக்கு எதிரே வந்து நின்றார். கேட்கப்படுவதற்காக இரண்டு நாள் காத்திருந்தவர், தானே கேட்டார். தங்கள் மொழியில், அவர்களுடைய அம்மா வந்தவர்களைக் கேட்பாளாமே, அதே கேள்வியை.

"ஆல்வரோ, நீ எவ்வளவு காலம் இருப்பாய்?"

இருபத்தாறு வருஷத்தில் அவரை யாரும் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள். இந்த ஊரில் யார் கேட்பார்கள்? அவர் பதிலுக்கு வார்த்தை தேடினார். உதடு இரண்டு முறை அசைந்தது. கடைசியில் வந்தது தமிழ்தான்.

"இத ரெண்டு பேரும் துன்னு தீக்குற வரைக்கும்."

"தீர வுட்டாத்தான?" என்றாள் பொன்னம்மா.

முதல் வாக்கியத்தைச் சுலபமாக மொழிபெயர்த்துவிட்டேன். இரண்டாவதைச் சொல்ல எனக்கு நாலு வாக்கியம் ஆயிற்று. முடிப்பதற்குள் அந்த அம்மாள் குனிந்து பெட்டியின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்திருந்தார். அது அவிழவில்லை. தம்பியும் உட்கார்ந்து நகத்தால் கெல்லினார். அவர் போட்ட முடிச்சு அவருக்கே மசியவில்லை. பொன்னம்மா அரிவாளைக் கொண்டுவந்து கயிற்றை அறுத்தாள். பெட்டிக்குள் கம்பளிகள், இரண்டு வார்ப்பு இரும்புச் சட்டிகள், சட்டம் போட்ட ஒரு போட்டோ. சட்டிகள்தான் அந்தக் கனம்.

"இது அம்மாவோட சட்டி," என்றார் ஆல்வரோ என்னிடம். சட்டியை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அக்கா, வீட்டை விற்ற கதையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். இனி அவர்களுக்கு நான் தேவைப்படவில்லை.

அப்போதுதான் குன்றுக்கு அப்பாலிருந்து ஹாரன் கேட்டது. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு. தோள்பையை எடுத்துக்கொண்டு நாலு எட்டு ஓடினேன். ஹாரன் இன்னொரு முறை, முன்னைவிடத் தூரத்தில் கேட்டது. திரும்பி வந்தேன்.

"பஸ் போய்விட்டது," என்றேன் பொன்னம்மாவிடம். "நாளையிலிருந்து ஒரு வாரம் மறியல்."

அவள் உள்ளே போனாள். கூடையில் சாமையும் கையில் படியுமாக வெளியே வந்து, பாறைக் குழியைத் துடைத்துவிட்டு அளந்து கொட்டினாள். பழக்க தோஷத்தில் எண்ணினேன். நாலு படி. உமி போக இரண்டு. ஒரு ஆளுக்கு நாளைக்குக் கால் படி என்றால் எட்டு நாள்.

"ஏம்மா, மறியல் ஏழு நாள்தானே? எட்டு நாளைக்கு எதற்குக் குத்துகிறாய்?"

உலக்கையைத் தூக்கியபடியே சொன்னாள்.

"ஏழு நாளு முடிஞ்சதும் பஸ்ஸு ஒங்களுக்குன்னு காலியா வந்து நிக்குமா பெரியவரே? மொத பஸ்ஸுல மலையே தொத்திக்கினு போவும். அதுல நீங்க எங்க ஏறுவீங்க? மறுநாளு போலாம். அப்டி ஒக்காருங்க, உமி கண்ணுல உழப்போவுது."

தள்ளி உட்கார்ந்தேன்.